ரங்பூரின் செத்த ஐப்பசி: 1974 வங்கதேசப் பஞ்சம், ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கதேசத்தின் வடமேற்கு மூலையில், டீஸ்டாவும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் கரையை அரித்துத் தின்னும் ரங்பூர்ப் பகுதியில், ஆஸ்வின், கார்த்திக் என்ற இரண்டு மாதங்களுக்கு நல்ல பெயர் கிடையாது. கார்த்திக் என்றதும் நமக்குக் கார்த்திகை நினைவுக்கு வரலாம். காலக் கணக்கில் அது நம் ஐப்பசி. நட்ட நெல் வயலில் பச்சை கட்டி நிற்கும். நடவு முடிந்துவிட்டது, அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. கூலியாளைக் கூப்பிட யாருக்கும் தேவை இல்லை. வீட்டுப் பானையில் இருந்த தானியமும் தீர்ந்திருக்கும். இந்த இடைக்காலப் பட்டினிக்கு அவ்வூர் மக்கள் வைத்த பெயர் 'மொங்கா'. அதிலும் கார்த்திக்கை 'மரா கார்த்திக்' என்பார்கள். செத்த கார்த்திக் என்று பொருள்.

மொங்கா வருவதும் போவதும் அங்கே அன்று வழக்கம். வரப்போகும் அறுவடைக் கூலியைப் பாதி விலைக்கு இப்போதே விற்று, காட்டுச் சேம்பை வேகவைத்துத் தின்று, ஆட்டையும் பாத்திரத்தையும் விற்று எப்படியோ கடந்துவிடுவார்கள். 1974இல் கடக்க முடியவில்லை. ரங்பூரிலும் மைமன்சிங், சில்ஹெட் மாவட்டங்களிலும் சாவு கூட்டம் கூட்டமாக வந்தது. அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 26,000. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 10 லட்சத்தைத் தொட்டு, அடுத்த ஆண்டு நோயில் செத்தவர்களையும் சேர்த்தால் 15 லட்சம் வரை போகின்றன.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடும். வெள்ளம் வந்தது. விளைச்சல் அழிந்தது. மக்கள் மடிந்தார்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் உண்மை. நடுவாக்கியத்தில்தான் இடறுகிறது.

நாட்காட்டியைப் பிரித்துப் பார்த்தால்

வங்கதேசத்தில் நெல் மூன்று போகம். கோடை மழையை நம்பி விதைத்து ஜூலை, ஆகஸ்டில் அறுப்பது ஆஸ். மழைக்காலத்தில் நட்டு நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை அறுப்பது ஆமன். குளிர்காலத்தில் பாசனத்தில் வளர்த்து ஏப்ரல், மே மாதங்களில் அறுப்பது போரோ. அக்காலத்தில் நாட்டின் அரிசியில் பாதிக்கும் மேல் ஆமன் தந்தது. ஆமன்தான் சோறு, மற்ற இரண்டும் துணைக்கு.

1974 ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை பிரம்மபுத்திரா பல முறை அபாய அளவைத் தாண்டியது. அறுப்புக்கு நின்ற ஆஸ் பயிரின் ஒரு பகுதி போயிற்று. நட்டிருந்த ஆமன் நாற்றுகளும் நாற்றங்கால்களும் மூழ்கின. சேதம் பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் மூழ்கிய அந்த ஆமன் நாற்று எப்போது அரிசியாகியிருக்கும்? டிசம்பரில். பஞ்சம் உச்சத்தில் இருந்தது செப்டம்பர், அக்டோபரில். டிசம்பரில் வரவேண்டிய அரிசி வராது என்பதற்காக அக்டோபரில் ஒருவர் பட்டினியால் சாக முடியாது. அக்டோபரில் உலையில் இருந்திருக்க வேண்டியது முந்தைய ஆமனும் அந்த ஆண்டு போரோவும், தப்பிய ஆஸும். அவை ஏற்கெனவே அறுக்கப்பட்டு யாருடைய தானியக் குதிரிலோ பத்திரமாக இருந்தன.

எண்களும் அதையே சொல்கின்றன. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட பஞ்ச ஆய்வில் இந்தக் கணக்கை விரித்துக் காட்டினார். 1973இல் வங்கதேசத்துக்குக் கிடைத்த உள்நாட்டு அரிசி சுமார் 1 கோடியே 4 லட்சம் டன். 1974இல் சுமார் 1 கோடியே 17 லட்சம் டன். இறக்குமதியையும் சேர்த்து, மக்கள்தொகையால் வகுத்தால், தலைக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த தானியம் 1974இல் ஏறத்தாழ 16 அவுன்ஸ், அதாவது 450 கிராம். 1971 முதல் 1975 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அதுதான் மிக அதிகம். இன்னும் வியப்பு, பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில்தான் தானியம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. மைமன்சிங்கில் 22 விழுக்காடு, ரங்பூரில் 17, சில்ஹெட்டில் 10.

ஆண்டுச் சராசரியைக் காட்டி மாதப் பட்டினியை மறைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அரசின் தானிய இறக்குமதி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் படுத்துவிட்டது. முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதங்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அளவே கப்பலில் வந்தது. ஆகவே எங்கும் அரிசி கொட்டிக் கிடந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அந்தக் கேள்வியால் விளக்க முடியாது. வெள்ளத்தில் சேதமான ஆமன் நவம்பர் கடைசியில் களத்துக்கு வரத் தொடங்கியபோது விலை இறங்கியது, கஞ்சித்தொட்டிகள் மூடப்பட்டன, பஞ்சம் அடங்கியது. விளைச்சல் குறைந்ததுதான் காரணம் என்றால், குறைந்த அந்த விளைச்சல் வீடு வந்து சேர்ந்த மாதத்தில் பஞ்சம் ஏன் முடிந்தது?

கூலி என்ற ஒற்றைக் கயிறு

ரங்பூரின் நிலமற்ற கூலியாளை நினைத்துக்கொள்வோம். அவருக்கும் அரிசிக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு கயிறு. அதன் ஒரு முனையில் இன்று வேலை கிடைக்குமா என்பது. மறுமுனையில் அந்தக் கூலிக்கு எத்தனை படி அரிசி என்பது. நிலம் வைத்திருப்பவருக்கு அரிசி விலை ஏறினால் கவலை இல்லை, சொல்லப்போனால் லாபம். சம்பளக்காரருக்கு ரேஷன் இருந்தது. இவருக்கு அந்தக் கயிறு மட்டும்தான்.

வெள்ளம் அந்தக் கயிற்றின் முதல் முனையை அறுத்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வழக்கமாக வேலை குவியும் காலம்: ஆஸ் அறுப்பு, ஆமன் நடவு, சணல் வெட்டி ஊறப்போட்டு நார் உரிக்கும் வேலை. மூன்றும் தண்ணீரில் போயின. சணல் ஏற்கெனவே சுருங்கியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசி விலை ஏறிக்கொண்டே இருக்க, சணலுக்கு அதற்கு ஈடான விலை கிடைக்கவில்லை. விவசாயிகள் சணல் நிலத்தில் நெல் போடத் தொடங்கினார்கள். நெல்லைவிடச் சணலுக்கு ஆள் அதிகம் தேவை. நிலக்காரருக்கு அது புத்திசாலித்தனமான மாற்றம். கூலியாளுக்கு வேலை நாள் குறைந்தது. யாரும் தவறு செய்யாமலே ஒருவர் பிழைப்பு கெடும் விதம் இது.

மறுமுனையை விலை அறுத்தது. சாதாரண மோட்டா அரிசியின் சில்லறை விலையை ஜூலையில் 100 என்று வைத்துக்கொண்டால் ஆகஸ்டில் 121, செப்டம்பரில் 150, அக்டோபரில் 178. இது நாட்டுச் சராசரி. கூலி இந்த வேகத்தில் ஏறவில்லை. வேலை தேடுவோர் கூட்டத்தில் அது ஏறுவதற்கு வழியும் இல்லை. பஞ்ச மாவட்டங்களில் ஒரு நாள் கூலி வாங்கித்தந்த அரிசி பாதிக்கும் கீழே இறங்கியது. அதுவும் வேலை கிடைத்தவருக்கு.

பிறகு நடந்தது எல்லாப் பஞ்சங்களிலும் நடப்பதுதான். சிறு விவசாயிகள் முதலில் மாட்டை விற்றார்கள், பிறகு வீட்டுக் கூரைத் தகரத்தை, கடைசியில் நிலத்தை. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது எதற்கும் விலை இருக்காது. அந்த ஆண்டு கைமாறிய நிலத்தில் பெரும்பகுதி மீண்டும் பழைய கைக்கு வரவே இல்லை. பஞ்சத்தில் சாகாதவர்கள் பலர் அடுத்த ஆண்டு நிலமற்ற கூலிகளாக எழுந்தார்கள்.

குதிர்களைப் பூட்டியது யார்

விலை ஏற்றத்தை வெள்ளத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. தண்ணீர் வருமுன்பே, 1974இன் தொடக்கத்திலேயே அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. நாடு பிறந்து இரண்டரை ஆண்டு. 1970 நவம்பர்ப் புயல், 1971 போர், இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய சுமார் ஒரு கோடி அகதிகள் என்று அடிமேல் அடி வாங்கிய நாடு. 1972 மார்ச்சில் சணல் ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. அவை நட்டத்தில் ஓடின. சணல் ஒன்றே அந்நியச் செலாவணி தரும் சரக்கு. அது தளர்ந்ததும் கஜானா வற்றியது. பற்றாக்குறையை அரசு நோட்டு அச்சடித்து நிரப்பியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் கோதுமை விலை மூன்று மடங்காகவும் 1973 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் எண்ணெய் விலை நான்கு மடங்காகவும் உயர்ந்தன. டாக்கா அரசு மற்றவர்களைப் போல உலகச் சந்தைக்குப் போய்த் தானியம் வாங்கலாம் என்றால், மடியில் டாலர் இல்லை. அந்தக் கோடையில் அமெரிக்க வணிகர்களிடம் பேசி வைத்திருந்த தானியக் கொள்முதல்கூடக் கடன் கிடைக்காமல் முறிந்தது.

எல்லை தாண்டிய கடத்தல் இன்னொரு கதை. அரசின் அதிகாரப்பூர்வ மாற்று விகிதத்தில் வங்கதேச நாணயம் மதிப்பு மிக்கது. கள்ளச் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. ஆகவே அரிசியை இந்தியப் பக்கம் தள்ளி விடுவது லாபம். எவ்வளவு போயிற்று என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஆளுங்கட்சியான அவாமி லீக்கின் உள்ளூர்ப் புள்ளிகளே இதில் கை நனைத்தார்கள் என்று அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. எல்லையில் ராணுவத்தை நிறுத்தினார்கள். 1974 பிப்ரவரியில் கொண்டுவந்த சிறப்பு அதிகாரச் சட்டத்தில் பதுக்கலுக்கும் கள்ளச் சந்தைக்கும் மரண தண்டனை வரை இடம் வைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் தூக்குக் கயிறு தொங்கியது, அரிசி விலை அது பாட்டுக்கு ஏறியது.

பதுக்கல் என்றதும் கொள்ளைக்கார வியாபாரி ஒருவரின் உருவம் மனத்தில் வந்து நிற்கிறது. அது பாதி உண்மை. மறுபாதி, எல்லோருக்கும் கேட்ட ஒரே செய்தி: ஆமன் நாற்று மூழ்கிவிட்டது, அரசுக் கிடங்கு காலி, கப்பல் வரவில்லை. இதைக் கேட்ட நடுத்தர விவசாயி, சந்தைக்குக் கொண்டுபோக வைத்திருந்த நாலு மூட்டையைக் குதிரிலேயே வைத்துக்கொண்டார். அவரைப் போல லட்சம் பேர். யாரும் தன்னைப் பதுக்கல்காரன் என்று நினைக்கவில்லை. பிள்ளை குட்டிக்காக எடுத்து வைத்தார்கள். அரசிடம் சில லட்சம் டன் இருப்பு இருந்து, அதைச் சந்தையில் இறக்கப் போவதாக ஒரு அறிவிப்பு வந்திருந்தால் இந்த லட்சம் குதிர்களும் திறந்திருக்கும். டிசம்பரில் விலை இறங்கியபோது தெரிந்தது, பயந்த அளவுக்கு ஆமன் மோசமில்லை என்று. பயம் முன்கூட்டியே தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

அட்டை வைத்திருந்தவர்கள்

அரசின் கையில் தானியமே இல்லாமல் போய்விடவும் இல்லை. இருந்த கொஞ்சம் எங்கே போயிற்று என்பதுதான் இந்த நிகழ்வின் கசப்பான பக்கம்.

பிரிட்டிஷ் ஆட்சி 1943 பஞ்ச காலத்தில் கல்கத்தாவைக் காப்பாற்ற உருவாக்கிய ரேஷன் முறையின் வாரிசு ஒன்று டாக்காவில் தொடர்ந்து இருந்தது. டாக்கா, நாராயண்கஞ்ச், சிட்டகாங், குல்னா போன்ற நகரங்களில் சட்டப்பூர்வ ரேஷன். நகரத்தில் குடியிருந்தால் போதும், பணக்காரரானாலும் அட்டை உண்டு. ராணுவம், காவல்துறை, அரசு ஊழியர், பெரிய ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்குத் தனி ஒதுக்கீடு. கிராமங்களுக்கு 'மாற்றியமைக்கப்பட்ட ரேஷன்' என்று ஒன்று இருந்தது. கிடங்கில் மிச்சம் இருந்தால் கொடுப்பது, இல்லாவிட்டால் இல்லை. ரங்பூர் கூலியாளுக்கு வாய்த்தது இந்தக் கடைசி வரி.

ஆட்சியில் இருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருந்தது. பசித்த கிராமம் மௌனமாகச் சாகும். பசித்த நகரம் தெருவில் இறங்கும். பசித்த படைமுகாம் அரண்மனைக்குள் நுழையும். ஏழை நாட்டு அரசுகள் பல இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கின்றன. எனக்கு இதில் அரசியல் சூழ்ச்சியைவிடப் பழக்கத்தின் பலம்தான் அதிகம் தெரிகிறது. இறக்குமதி அரிசி துறைமுகத்தில் இறங்கியதும் போய்ச்சேர ஏற்கெனவே ஒரு கால்வாய் வெட்டியிருந்தது. அது நகரத்தை நோக்கி வெட்டியது. பஞ்சத்தின் நடுவில் யாரும் கால்வாயைத் திருப்பவில்லை.

நாற்பது லட்சம் சாக்கு

இனி, இந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லோரும் சொல்லும் கியூபா விஷயம்.

வங்கதேச அரசின் சணல் ஆலைக் கழகம் கியூபாவுக்குச் சுமார் 40 லட்சம் சணல் சாக்குகள் விற்றது. சர்க்கரை கட்டும் சாக்கு. அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டமான பொதுச் சட்டம் 480, கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்குச் சலுகைத் தானியம் தரக்கூடாது என்று தடுத்தது. 1974 மே மாதக் கடைசியில் அமெரிக்கத் தூதர் டேவிஸ் பாஸ்டர் வெளியுறவு அமைச்சர் கமல் ஹுசேனைச் சந்தித்து, இந்த ஏற்றுமதியை நிறுத்தாவிட்டால் உணவு உதவி பற்றிப் பேச முடியாது என்று தெரிவித்தார். டாலருக்காக எதையும் விற்கத் தயாரான நாடு. சாக்கு விற்றது குற்றமாயிற்று.

சட்டம் கைகளைக் கட்டியிருந்தது என்பதும் முழு உண்மை அல்ல. அமெரிக்க நலனுக்கு உகந்தது என்று கருதினால் அதிபர் விலக்கு அளிக்கலாம். எகிப்து கியூபாவுக்குப் பருத்தி விற்றது. அதற்கு விலக்குக் கிடைத்தது. எகிப்து மேற்காசிய அரசியலில் வாஷிங்டனுக்கு வேண்டிய நாடு. வங்கதேசமோ, மூன்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் விருப்பத்துக்கு எதிராகப் பிறந்த நாடு.

டாக்கா பணிந்தது. இனி கியூபாவுக்கு விற்பதில்லை என்று கோடையிலேயே உறுதி சொன்னது. ஆனால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சாக்குகள் போய் முடியும்வரை வாஷிங்டன் காத்திருந்தது. உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது அக்டோபர் முதல் வாரத்தில். கப்பல்கள் துறைமுகம் வந்தது டிசம்பரில். கஞ்சித்தொட்டிகள் மூடி, செத்தவர்களைப் புதைத்து முடிந்த பிறகு.

அமெரிக்காதான் இந்தப் பஞ்சத்தை உண்டாக்கியது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரேஷன் கால்வாயை வாஷிங்டன் வெட்டவில்லை, நோட்டை வாஷிங்டன் அச்சடிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஜூனில் கையெழுத்தாகியிருந்தால் கப்பல் செப்டம்பருக்கு வந்திருக்கும். அதைவிட முக்கியம், கப்பல் கிளம்பிவிட்டது என்ற செய்தி ஜூலையிலேயே வந்திருக்கும். லட்சம் குதிர்களில் பூட்டிய தானியத்தில் ஒரு பங்காவது சந்தைக்கு வந்திருக்கும். தானியம் வருவதற்கு முன்பே தானியத்தைப் பற்றிய சேதி விலையைக் குறைக்கும். அந்தச் சேதியைத்தான் நாற்பது லட்சம் சாக்குக்காக நிறுத்தி வைத்தார்கள்.

செப்டம்பர் கடைசி வாரம்

1974 செப்டம்பர் 17 அன்று வங்கதேசம் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று. 25ஆம் தேதி பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் நியூயார்க்கில் பொது அவையின் முன் வங்காளியில் பேசினார். மொழிக்காக உயிர் கொடுத்து, மொழியால் பிறந்த ஒரு நாட்டின் தலைவர் அந்த மேடையில் தாய்மொழியில் பேசியது, எந்த மொழிப்பற்றாளனுக்கும் மெய்சிலிர்க்க வைக்கும் நிகழ்ச்சி. அதே வாரங்களில்தான் உள்ளூரில் அரசு பஞ்சம் என்ற சொல்லை அதிகாரப்பூர்வமாக வாயில் எடுத்தது.

அறிவித்த பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 'லங்கர்கானா' என்று அவர்கள் சொல்லும் கஞ்சித்தொட்டிகள் நாடெங்கும் திறக்கப்பட்டன. உச்சத்தில் அவற்றின் எண்ணிக்கை ஆறாயிரத்தை நெருங்கியது. 43 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறு பேர், அங்கே வரிசையில் நின்றார்கள். ரங்பூரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். கிடைத்தது ஒரு ரொட்டி, அல்லது கொஞ்சம் கஞ்சி. இருந்த தானியத்தை இத்தனை தொட்டிகளுக்குப் பங்கிட்டால் அவ்வளவுதான் வரும். தொட்டிக்கு நடந்து வர முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. நவம்பர் முடிவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

இறந்தவர்களை யார் எண்ணினார்கள்? சரியாகச் சொன்னால் யாரும் எண்ணவில்லை. டாக்காவில் அஞ்சுமன் முஃபிதுல் இஸ்லாம் என்ற அறநிறுவனம் தெருவில் கிடந்த அடையாளம் தெரியாத உடல்களை எடுத்துப் புதைத்தது. அதன் கணக்கைப் பார்த்தே தலைநகரம் நிலைமையைத் தெரிந்துகொண்டது. ஆற்று மணல்திட்டில் இருந்த ஊரில் செத்தவருக்குக் கணக்கு எழுத ஆள் ஏது? அரசின் 26,000 என்பது அதிகாரிகளின் காகிதத்தில் ஏறிய சாவு. மற்ற மதிப்பீடுகள் மாதிரிக் கிராமங்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்து நாட்டுக்குப் பெருக்கியவை. அம்மையும் வயிற்றுப்போக்கும் தந்த சாவு முதல் கணக்கில் 'நோய்'; இரண்டாவது கணக்கில் 'பஞ்சம்'. பசித்த உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ரங்பூர் மாவட்டத்துச் சில்மாரியில் எடுத்த ஒரு படம் அப்போது டாக்கா நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. சேலை இல்லாமல் மீன்வலையை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் இளம்பெண். நாடே அதிர்ந்தது. ஆட்சி ஆதரவாளர்கள் அது ஏற்பாடு செய்து எடுத்த படம் என்றார்கள்; வலை சேலையைவிட விலை அதிகம், வலை வாங்க முடிந்தவளுக்குச் சேலை வாங்க முடியாதா என்று கேட்டார்கள். ஐம்பது ஆண்டாக அந்தச் சண்டை ஓயவில்லை. படம் உண்மையோ நாடகமோ, ஒரு வலையின் விலையைப் பற்றி நாடு பேசிய அளவுக்கு ஒரு நாள் கூலியின் விலையைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சுதந்திரப் பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வராது என்பது சென் பின்னாளில் முன்வைத்த புகழ்பெற்ற கருத்து. 1974 வங்கதேசம் அதற்குச் சங்கடமான உதாரணம். நாளிதழ்கள் சாவுச் செய்தி போட்டன. நாடாளுமன்றமும் இருந்தது. ஆனால் 1973 மார்ச் தேர்தலில் 300 இடங்களில் 293ஐ ஒரே கட்சி அள்ளியிருந்தது. எதிர்வரிசையில் எழுந்து கேட்க ஆளில்லாத மன்றம். பத்திரிகை எழுதியதைப் படித்துப் பயப்பட வேண்டிய அவசியம் ஆட்சிக்கு இல்லை.

பிறகு

அக்டோபர் 26 அன்று நிதியமைச்சர் தாஜுத்தீன் அகமது பதவி விலகினார். 30ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிங்கர் டாக்கா வந்து போனார். சில நாளில் ரோமில் கூடிய உலக உணவு மாநாட்டில், பத்தாண்டுக்குள் எந்தக் குழந்தையும் பசியோடு படுக்கப் போகாத நிலை வரும் என்று உறுதிமொழி முன்வைத்தார். டிசம்பர் 28இல் நெருக்கடி நிலை. 1975 ஜனவரியில் ஒரே கட்சி ஆட்சிக்கு அரசியல் சட்டத்தை மாற்றினார்கள். அதே குளிர்காலத்தில், பஞ்சம் பிழைக்க டாக்கா வந்து குடிசை போட்டவர்களைப் பெயர்த்தெடுத்து நகருக்கு வெளியே டெம்ரா போன்ற முகாம்களில் கொட்டினார்கள். ஆகஸ்ட் 15 விடியலில் ராணுவ அதிகாரிகள் சிலர் முஜிபையும் குடும்பத்தாரையும் சுட்டுக் கொன்றார்கள். பஞ்சம் ஆட்சியின் மீது மக்களுக்கு இருந்த பற்றைக் கரைத்திருந்தது. வானொலி செய்தி சொன்னபோது, நான்கு ஆண்டுக்கு முன் அவருக்காகத் தெருவில் திரண்ட நகரம் வீட்டுக்குள் இருந்தது.

1998இல் 1974ஐவிடப் பெரிய வெள்ளம் வந்தது. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கி, இரண்டு மாதத்துக்கும் மேல் தண்ணீர் வடியவில்லை. ஆமனுக்குப் பேரிழப்பு. பஞ்சம் வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனியார் அரிசி இறக்குமதியை அனுமதித்திருந்தார்கள். இந்திய அரிசி 20 லட்சம் டன்னுக்கும் மேல் லாரி லாரியாக வியாபாரிகள் கையால் வந்தது. முன்பு கடத்தல்காரர் பயன்படுத்திய அதே எல்லை, இப்போது சரக்கு எதிர்த்திசையில், ரசீதோடு. அந்த ஜூனில்தான், அங்கே ஜமுனா என்று அழைக்கப்படும் பிரம்மபுத்திராவின் மேல் கட்டிய பாலம் திறந்து வடமேற்கைத் தலைநகரோடு இணைத்திருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கான உணவு அட்டை 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. தேர்தலில் தோற்கக்கூடிய ஓர் அரசும், காத்துக்கொண்டிருந்த எதிர்க்கட்சியும் இருந்தன. கிராமத்து ஏழைகள் அப்போதும் தப்பியது பெரும்பாலும் கடன் வாங்கித்தான். அந்தக் கடனை அடைக்கப் பலருக்கு ஆண்டுகள் ஆயின.

மொங்கா மட்டும் போகவில்லை. ரங்பூரில் பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் ஆஸ்வினும் கார்த்திக்கும் வந்துகொண்டே இருந்தன. வங்கதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'ப்ரி தான் 33' என்ற ரகத்தைப் பின்னர் அந்தப் பகுதியில் பரப்பினார்கள். வழக்கமான ஆமன் ரகங்கள் 145 நாள் எடுத்துக்கொள்ள, இது 118 நாளில் முற்றிவிடும். மகசூலில் இது பெரிய சாதனை நெல் அல்ல. நீண்ட நாள் ரகங்கள் ஏக்கருக்கு அதிகம் தரும். ஆனால் இதை நட்ட வயலில் கதிர் அரிவாள் சத்தம் ஒரு மாதம் முன்னதாகக் கேட்கிறது. அறுப்புக் கூலி கார்த்திக்கிலேயே கைக்கு வருகிறது. காலியான வயலில் உருளைக்கிழங்கு போட மறுபடியும் ஆள் கூப்பிடுகிறார்கள்.